எல்லையோரத்தில் சிறிய ஆங்கிலப் பள்ளி தொடங்க நினைப்பவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எல்லைக்கு இந்தப் பக்கம் தமிழ்நாட்டில் கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம், எளாவூர், அந்தப் பக்கம் ஆந்திரத்தில் தடா, சத்தியவேடு. அந்தப் பக்கம் ஸ்ரீசிட்டி, இந்தப் பக்கம் சிப்காட் என்று தொழிற்பேட்டைகள் வளர்ந்த பிறகு இந்தப் பகுதியில் ஆங்கிலப் பள்ளி வைக்கலாமா என்று கேட்பவர்கள் அதிகம். தமிழ் பேசும் பிள்ளை, தெலுங்கு பேசும் பிள்ளை, ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வேலைக்கு வந்தவர்களின் பிள்ளை, அவர்களோடு ஜப்பானிலிருந்தோ கொரியாவிலிருந்தோ வரும் இரண்டொரு பிள்ளை என்று எல்லாரையும் ஒரே வகுப்பில் உட்கார வைக்கப் போகிறவர்களுக்கான பதில்கள் இவை.

எல்லைக்கு எந்தப் பக்கம் தொடங்குவது நல்லது?

உங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோர் எந்தப் பக்கம் குடியிருக்கிறார்களோ அந்தப் பக்கம். நிலம் அங்கே மலிவு என்று போய்விடாதீர்கள். தமிழ்நாட்டில் தொடங்கினால் 2018-ஆம் ஆண்டின் தனியார் பள்ளிகள் (ஒழுங்குமுறை) சட்டமும் அதன் 2023 விதிகளும் பொருந்தும். ஆந்திரத்தில் 1982-ஆம் ஆண்டு கல்விச் சட்டமும் அதன் கீழ் 1994 ஜனவரி 1-இல் வந்த அரசாணை எண் 1-உம். இரண்டுக்கும் அலுவலகம் வேறு, படிவம் வேறு, மொழிப்பாட விதி வேறு. பள்ளி ஒரு பக்கமும் பிள்ளைகள் மறுபக்கமும் இருந்தால் பஸ் பெர்மிட்டில் ஆரம்பித்து டிசி வரைக்கும் எல்லாமே இரட்டை வேலை. இனி வருவது பெரும்பாலும் தமிழ்நாட்டுப் பக்கத்துக்கான பதில்.

வெளிநாட்டுக் குடும்பங்களை நம்பி இறங்கலாமா?

கூடாது. ஸ்ரீசிட்டியில் வேலை செய்யும் வெளிநாட்டவர்களில் பலர் சென்னையில் குடியிருந்துகொண்டு தேசிய நெடுஞ்சாலை 16-இல் தினமும் போய் வருகிறவர்கள். குடும்பத்தோடு வருகிறவர்களும் பிள்ளையைச் சென்னையின் பன்னாட்டுப் பள்ளிகளில்தான் முதலில் விசாரிப்பார்கள். உங்களிடம் வருவது சின்னப் பிள்ளை வைத்திருக்கிற, தினம் இரண்டு மணி நேரப் பயணம் வேண்டாம் என்கிற குடும்பம். இரண்டு, மூன்று வருடத்தில் ஒப்பந்தம் முடிந்தால் கிளம்பிவிடுவார்கள். 80 பிள்ளை உள்ள பள்ளியில் 5 பேர் இப்படி இருந்தால் பள்ளிக்கு அழகு. 30 பேர் இருந்தால் ஒரே ஒரு ஆலையின் முடிவில் உங்கள் சம்பளப் பட்டியல் ஆடிவிடும். உள்ளூர்ப் பிள்ளைகளின் கட்டணத்தில் பள்ளி நடக்க வேண்டும். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு அதில் இடம் இருக்க வேண்டும்.

எவ்வளவு நிலம் வேண்டும்?

பலர் சறுக்குவது இங்கேதான். தமிழ்நாட்டில் மாநகராட்சி எல்லைக்குள் 6 கிரவுண்டு, மாவட்டத் தலைநகரில் 8 கிரவுண்டு, நகராட்சியில் 10 கிரவுண்டு, பேரூராட்சியில் 1 ஏக்கர், ஊராட்சியில் 3 ஏக்கர். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. ஊருக்கு உள்ளே போகப் போக அளவு குறைகிறது, வெளியே வர வர ஏறுகிறது. ஆகவே ஊராட்சியில் ஏக்கர் மலிவாகக் கிடைக்கிறது என்று இரண்டு ஏக்கர் வாங்கிப் போட்டவர் மூன்றாவது ஏக்கருக்குப் பக்கத்து நிலத்துக்காரரிடம் கெஞ்ச வேண்டி வரும். அவரும் விலையை ஏற்றிவிடுவார்.

வாங்கும் முன் பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று, புலப்பட வரைபடம் நான்கையும் சேர்த்துப் பாருங்கள். பழவேற்காடு ஏரியை ஒட்டிய தாழ்வான பகுதி என்பதால் ஓடைப் புறம்போக்கும் ஏரிப் புறம்போக்கும் பட்டா நிலத்துக்குள் நாக்கு நீட்டிக்கொண்டு கிடக்கும். அதைக் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் உங்கள் அளவு. நவம்பர் மழையில் ஒரு முறை நேரில் போய் நின்று பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள். ஏப்ரலில் எல்லா நிலமும் மேடாகத்தான் தெரியும்.

என் சொந்தப் பெயரிலேயே பள்ளி நடத்தலாமா?

அறக்கட்டளை, சங்கம், லாப நோக்கற்ற 8-ஆம் பிரிவு நிறுவனம் மூன்றில் ஒன்றை வைத்துத் தொடங்குங்கள். சிறிய பள்ளிக்கு அறக்கட்டளையே எளிது; சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு. பத்திரத்தின் நோக்கப் பகுதியில் ‘பள்ளி நடத்துதல்’ என்று நேரடியாக எழுதியிருக்க வேண்டும். ‘சமூக நலப் பணிகள்’ என்று மட்டும் இருந்தால் பின்னால் திருத்தப் பத்திரம் போட வேண்டி வரும். நிலம் அறக்கட்டளை பெயரிலோ, அதன் பெயருக்குப் பதிவு செய்த நீண்டகாலக் குத்தகையிலோ இருக்கட்டும். தாளாளரின் மாமனார் பெயரில் நிலம், வாய்மொழி ஒப்புதல் என்பதெல்லாம் கோப்பில் நிற்காது.

என்னென்ன சான்றிதழ், எந்த வரிசையில்?

முதலில் கட்டடத் திட்ட அனுமதி. கட்டி முடித்ததும் தகுதியுள்ள பொறியாளரிடம் கட்டட உறுதிச் சான்று. அதை வைத்து வட்டாட்சியரிடம் கட்டட உரிமம். பிறகு தீயணைப்புத் துறையின் சான்று, சுகாதாரச் சான்று. இவ்வளவும் கையில் இருந்தால்தான் அங்கீகார விண்ணப்பம் நகரும்.

ஒவ்வொன்றுக்கும் காலாவதித் தேதி வேறு வேறு என்பதுதான் தலைவலி. ஒன்று வருவதற்குள் இன்னொன்று முடிந்துவிடும், கோப்பு திரும்பி வரும். ஒரே தாளில் ஐந்து சான்றின் தேதிகளையும் எழுதி அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள், முடிவதற்கு 90 நாள் முன்பே புதுப்பிக்க விண்ணப்பியுங்கள்.

கூரைக் கொட்டகை, தகர ஷெட் வகுப்பறை, கம்பி வலை அடித்த ஒரே வாசல் எதுவும் வேண்டாம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீயில் இறந்த பிறகு விதிகள் இறுகியதன் காரணம் எல்லோருக்கும் தெரியும். தற்காலிகமாக ஒரு வருடம் என்று ஆய்வாளரிடம் கேட்காதீர்கள்.

அங்கீகாரம் வருவதற்கு முன்பே அட்மிஷன் போடலாமா?

கூடாது. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 18-இன்படி அங்கீகாரம் இல்லாமல் பள்ளி நடத்தினால் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். தொடர்ந்து நடத்தினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வரை. அபராதத்தை விடப் பெரிய சேதம், அந்தப் பிள்ளைகளுக்கு நீங்கள் கொடுக்கும் டிசியை வேறு பள்ளி ஏற்காது.

எந்தப் பாடத்திட்டம்?

முதல் மூன்று, நான்கு ஆண்டுக்கு மாநிலப் பாடத்திட்டத்தில் தொடக்கப் பள்ளியாக நடத்துவதே எங்கள் யோசனை. சிபிஎஸ்இ வேண்டுமானால் வாரியத்தின் சாரஸ் என்ற இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். வகுப்பறை குறைந்தது 500 சதுர அடி என்பது அங்கே கண்டிப்பு. நாளை மாறும் எண்ணம் இருந்தால் இன்றைக்கே அந்த அளவில் கட்டுங்கள். 400 சதுர அடியில் கட்டிவிட்டுச் சுவரை இடிப்பது இரட்டைச் செலவு.

கேம்பிரிட்ஜ், ஐபி என்ற பன்னாட்டுப் பாடத்திட்டங்கள் இரண்டும் சிறிய பள்ளிக்குப் பாரம். ஆண்டுக் கட்டணம், ஆசிரியர் பயிற்சிக் கட்டணம் இரண்டும் வெளிநாட்டு நாணயத்தில் போகும். ஐபி-யில் விண்ணப்பித்து அனுமதி வாங்கவே பெரும்பாலும் இரண்டு வருடம் ஓடிவிடும்.

பெயரில் ‘இன்டர்நேஷனல்’ போட்டால் கூட்டம் வருமா?

முதல் வருடம் வரும். ஜப்பான் தகப்பனார் வந்து எந்த வாரியம் என்று கேட்கும்போது சொல்ல ஒன்றும் இருக்காது.

ஆங்கிலேயரோ அமெரிக்கரோ ஒருவரை ஆங்கில ஆசிரியராக வைக்கலாமா?

வேலை விசாவுக்கு ஆண்டுச் சம்பளம் 16.25 லட்சம் ரூபாய்க்கு மேல் இருக்க வேண்டும் என்பது உள்துறை அமைச்சக விதி. மொழி ஆசிரியர்களுக்கு இதில் விலக்கு உண்டு, ஆனால் ஆங்கில ஆசிரியருக்கு அந்த விலக்கு கிடையாது என்று அதே விதி சொல்கிறது. ஜப்பானிய மொழி ஆசிரியரைக் குறைந்த சம்பளத்தில் வரவழைக்க வழி இருக்கிறது, ஆங்கிலத்துக்கு இல்லை. சுற்றுலா விசாவில் வந்தவரை வகுப்பில் நிறுத்தினால் அவருக்கும் சிக்கல், உங்களுக்கும் சிக்கல். அந்தப் பணத்தில் நன்றாக ஆங்கிலம் பேசும் உள்ளூர் ஆசிரியைகள் மூன்று, நான்கு பேரை வைக்கலாம்.

உள்ளூர் ஆசிரியர்களுக்கு என்ன தகுதி, எத்தனை பேர்?

1 முதல் 5 வகுப்புக்குத் தொடக்கக் கல்விப் பட்டயமும் ஆசிரியர் தகுதித் தேர்வும். கல்வி உரிமைச் சட்ட அட்டவணைப்படி 60 பிள்ளை வரை 2 ஆசிரியர், 90 வரை 3, 120 வரை 4. அது குறைந்தபட்சம். பல மொழிப் பிள்ளைகள் உள்ள பள்ளி அந்தக் கணக்கில் ஓடாது. பிரிவுக்கு ஒருவர் போக ஆங்கிலத்துக்கென்று தனியாக ஒருவர் வேண்டும்.

பத்துப் பேர் வேலைக்கு வந்ததும் இ.எஸ்.ஐ., இருபது பேர் ஆனதும் பி.எஃப்., ஐந்து வருடம் முடித்தவருக்குப் பணிக்கொடை. தனியார் பள்ளி ஆசிரியருக்கும் பணிக்கொடை உண்டு என்பதை 2022-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்துவிட்டது.

டிசி இல்லாமல் வரும் வெளிநாட்டுப் பிள்ளையை எப்படிச் சேர்ப்பது, எந்த வகுப்பில்?

நம்மூர் டிசி போன்ற தாள் பல நாடுகளில் கிடையாது. பாஸ்போர்ட், விசா நகல், பிறப்புச் சான்றும் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பும், முந்தைய பள்ளியின் படிப்புச் சான்று, கடைசி மதிப்பெண் அட்டை, பெற்றோரின் எழுத்து உறுதிமொழி இவற்றை வாங்கிக் கோப்பில் வையுங்கள். குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம் 2025-இன்படி வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள மாணவரைச் சேர்க்கும் கல்வி நிறுவனம் பதிவு அலுவலருக்குத் தகவல் தர வேண்டும். இது பள்ளியின் பொறுப்பு. ‘அப்பா கம்பெனி பார்த்துக்கொள்ளும்’ என்று விட்டுவிடக் கூடாது.

வகுப்பு விஷயத்தில் ஒரு கணக்கைப் பாருங்கள். 2019 மே மாதம் பிறந்த ஜப்பான் பையன் 2026 ஜூனில் வருகிறான். அவன் ஊரில் ஏப்ரல் 1-க்குள் ஆறு வயது முடிந்தால்தான் முதல் வகுப்பு. ஆகவே அவன் 2026 ஏப்ரலில்தான் ஒன்றாம் வகுப்புக்குப் போயிருப்பான், இரண்டு மாதம் படித்திருப்பான். இங்கே ஜூலை 31-இல் ஐந்து வயது முடிந்தால் ஒன்றாம் வகுப்பு. அதே மாதத்தில் பிறந்த கவரைப்பேட்டைப் பையன் 2024-இலேயே சேர்ந்து இப்போது மூன்றாம் வகுப்பில் இருப்பான். இருவருக்கும் வயது ஏழுதான், வகுப்பில் மட்டும் இரண்டு வருட இடைவெளி. வயதைப் பார்த்து மூன்றில் போட்டால் ஆங்கில எழுத்தே தெரியாத பையன் பத்தி எழுத வேண்டி வரும். ஒன்றில் போட்டால் ஐந்து வயதுக் குழந்தைகளின் நடுவில் ஒட்டகம் மாதிரி நிற்பான். இரண்டாம் வகுப்பு, தனி ஆங்கில நேரத்தோடு. அவன் திரும்பிப் போனதும் சொந்த ஊரில் வயதுக்கேற்ற வகுப்பில்தான் உட்காருவான் என்பதால் பெற்றோரும் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை: தேர்வு வைத்து அட்மிஷன் மறுப்பது கல்வி உரிமைச் சட்டம் பிரிவு 13-இல் தடை, முதல் முறை 25,000 ரூபாய் வரை அபராதம். சேர்த்த பிறகு, எந்த அளவில் பாடம் தொடங்குவது என்று பார்க்க வாசிக்கச் சொல்லலாம்.

வகுப்பில் நான்கு மொழி இருக்கிறது. ஆங்கிலத்தை எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

எந்தப் பிள்ளை எங்கே தடுமாறும் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. தமிழ்ப் பிள்ளைக்கு எழுத்திலேயே சிக்கல்: பன்றிக்கான ஆங்கிலச் சொல்லையும் ‘பெரிய’ என்பதற்கான ஆங்கிலச் சொல்லையும் தமிழில் ‘பிக்’ என்று ஒரே மாதிரிதான் எழுத முடியும். ‘ஸ்கூல்’ ‘இஸ்கூல்’ ஆவதும் இங்கேதான். தெலுங்குப் பிள்ளை சொல்லின் கடைசியில் ஒரு உயிரெழுத்தை ஒட்டிவிடும், ‘புக்கு’, ‘பெல்லு’ என்று. (நம் பிள்ளைகளும் அப்படித்தான் சொல்கிறார்கள், ஒப்புக்கொள்வோம்.) ஜப்பான் பிள்ளைக்கு ர, ல இரண்டும் ஒன்றாகவே காதில் விழும். கொரியப் பிள்ளைக்கு ‘ஃப’ வராது. அவர்கள் ‘கொப்பி’ என்பதும் நாம் ‘காப்பி’ என்பதும் ஒரே காரணத்தால்தான். இதை வகுப்பில் சொன்னால் இரண்டு பக்கமும் சிரிக்கும், அன்றைக்கே ஒட்டிக்கொள்ளும்.

பயிற்சிக்குக் காசு செலவில்லை. செய்தித்தாளில் விரல் அகலத்துக்கு ஒரு துண்டு கிழித்து உதட்டுக்கு முன்னால் பிடிக்கச் சொல்லுங்கள். பன்றிக்கான ‘பி’ சொன்னால் தாள் ஆட வேண்டும், பெரியதற்கான ‘பி’ சொன்னால் ஆடக் கூடாது. ‘ஃப’வுக்கு மேல்பல் கீழுதட்டைத் தொட வேண்டும், சின்னக் கண்ணாடி ஒன்று கையில் கொடுத்தால் பிள்ளையே பார்த்துத் திருத்திக்கொள்ளும். தினம் ஏழு நிமிடம், ஒரு நாளைக்கு ஒரே ஒரு ஒலி. ஒரே நாளில் ஐந்து ஒலி என்று அட்டவணை போட்டு ஓடினால் எதுவும் நிற்காது.

ஆங்கிலம் அறவே இல்லாமல் வரும் பிள்ளைக்குத் தினம் 40 நிமிடம் தனிக் குழு, அதிகபட்சம் ஆறு பேர். கணக்கு, விளையாட்டு, ஓவிய நேரத்தில் வகுப்பை விட்டு எடுக்காதீர்கள். அந்த நேரங்களில்தான் அது மற்றப் பிள்ளைகளோடு சமமாக நிற்கிறது. முதல் மூன்று மாதம் சில பிள்ளைகள் வாயே திறக்காது. அது குறை அல்ல, காதில் வாங்கிக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் ‘தமிழில் பேசினால் பத்து ரூபாய் அபராதம்’ போன்ற விதிகள் ஆங்கிலத்தை வளர்க்காது, பிள்ளையை ஊமையாக்கும்.

தமிழ் கட்டாயமா?

ஆம். 2006-ஆம் ஆண்டு தமிழ் கற்றல் சட்டத்தின்படி தமிழ்நாட்டில் உள்ள பள்ளியில் தமிழ் ஒரு பாடமாக இருக்க வேண்டும். இதைச் சேர்க்கையின்போதே தெலுங்குப் பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள். பத்தாம் வகுப்பில் தெரிய வந்தால் சண்டையில் முடியும்.

கட்டணத்தை நாமே முடிவு செய்யலாமா? 25 சதவீத இடம்?

தனியார் பள்ளிக் கட்டண நிர்ணயக் குழுவிடம் கணக்குகளைக் கொடுக்க வேண்டும். அவர்கள் நிர்ணயிப்பது மூன்று கல்வியாண்டுக்குச் செல்லும். தொடக்க வகுப்பில் 25 சதவீத இடம் நலிந்த பிரிவினருக்கு. அதற்கான அரசுப் பணம் தாமதமாக வரும் என்று வைத்தே திட்டமிடுங்கள். 2025-26-இல் அந்தச் சேர்க்கையே அக்டோபர் மாதம்தான் தொடங்கியது. நன்கொடை என்ற பெயரில் தலைக்கு வாங்கினால் வாங்கியதைப் போலப் பத்து மடங்கு வரை அபராதம்.

முதல் வருடம் எவ்வளவு கையைக் கடிக்கும்?

மாதிரிக்கு ஒரு கணக்கு. எல்.கே.ஜி., யு.கே.ஜி., ஒன்று, இரண்டு என நான்கு வகுப்பு, 47 பிள்ளைகள் தலைக்கு 36,000 ரூபாய் கட்டுகிறார்கள்: 16,92,000. ஆசிரியைகள் 6 பேர் மாதம் 20,000 வீதம் ஆண்டுக்கு 14,40,000. தலைமையாசிரியர் 35,000 வீதம் 4,20,000. ஆயா இருவர், காவலர், அலுவலக உதவியாளர் 12,000 வீதம் 5,76,000. நிர்வாகத்தின் இ.எஸ்.ஐ. பங்கு 3.25 சதவீதம், ஏறக்குறைய 65,500. மின்சாரம், தண்ணீர், பராமரிப்பு, காப்பீடு மாதம் 25,000 என்றால் 3 லட்சம். கூட்டிக் கழித்தால் துண்டு விழுவது 11 லட்சத்து 9 ஆயிரம் ரூபாய், கட்டடக் கடன் தவணை சேர்க்காமல். இதே ஆட்களை வைத்து 78 பிள்ளைகள் கட்டணம் கட்டினால்தான் நேராகும். ஆகவே இரண்டு வருடத் துண்டுத் தொகையை வங்கியில் போட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

வெளிநாட்டு கம்பெனி நன்கொடை தருகிறேன் என்கிறது. வாங்கலாமா?

வெளிநாட்டில் உள்ள தலைமை அலுவலகம் அனுப்பினால் எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் பதிவு இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. பதிவுக்கு அமைப்பு மூன்று வருடம் இயங்கி, அந்த மூன்று வருடத்தில் 15 லட்சம் ரூபாய் செலவு செய்திருக்க வேண்டும். புதிய அறக்கட்டளைக்கு முன் அனுமதி வழிதான். வெளிநாட்டு மாணவர் கட்டும் பள்ளிக் கட்டணம் இந்தச் சட்டத்தில் நன்கொடை ஆகாது, தாராளமாக வாங்கலாம். ரசீதில் ‘கட்டணம்’ என்று தெளிவாக இருக்கட்டும்.

தடாவிலிருந்து பிள்ளைகளை ஏற்றிவரப் பஸ் விடலாமா?

தமிழ்நாட்டுப் பெர்மிட் எல்லையோடு முடிந்துவிடும். அந்தப் பக்கம் போக ஆந்திரப் போக்குவரத்து ஆணையத்தின் மேலொப்பமோ தனி அனுமதியோ வேண்டும், வரியும் உண்டு. ‘இரண்டு கிலோமீட்டர்தானே’ என்று போய்ச் சோதனைச் சாவடியில் பஸ் நின்றால் உள்ளே நாற்பது பிள்ளைகள் அழுதுகொண்டிருக்கும். எல்லைக்கு இந்தப் பக்கம் நிறுத்தம் வைத்துப் பெற்றோரைக் கொண்டுவந்து விடச் சொல்வதே நடைமுறை. நெடுஞ்சாலையில் பிள்ளைகள் குறுக்கே கடக்காத பக்கமாக அந்த நிறுத்தம் இருக்கட்டும்.

வாடகை வேன்களிலும் ஆயா ஒருவர் கட்டாயம். மாதம் ஒருமுறை பஸ் தரைப்பலகையைக் குனிந்து பாருங்கள். 2012-இல் தாம்பரம் பக்கம் பஸ் ஓட்டைவழியே ஒரு சிறுமி விழுந்து இறந்த பிறகுதான் பள்ளிப் பேருந்துகளுக்குத் தனி விதிகள் வந்தன.

தண்ணீர், சாப்பாடு?

மீஞ்சூர்ப் பக்கத்திலிருந்தே நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறியிருக்கிறது. ஆழ்துளைக் கிணறு போட்ட அன்றே தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள், குடிக்க ஆர்.ஓ., கழிவறைக்கு மட்டும் கிணற்று நீர். சாப்பாடு வீட்டிலிருந்து வரட்டும். யார் டப்பாவில் என்ன இருந்தாலும் முகம் சுளிக்கக் கூடாது என்பதைப் பிள்ளைகளுக்கு முன் ஆயாக்களுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் என்ன கட்டாயம்?

ஓட்டுநர், காவலர் உட்பட எல்லோருக்கும் போலீஸ் சரிபார்ப்பு. பாலியல் குற்றம் பற்றிய தகவல் காதில் விழுந்தால் உள்விசாரணை என்று நேரம் கடத்தாமல் போலீசுக்குச் சொல்ல வேண்டும். போக்சோ சட்டத்தில், கீழே உள்ளவர் செய்த குற்றத்தை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறை. குழந்தைகள் உதவி எண் 1098, கல்வி உதவி எண் 14417 இரண்டும் பிள்ளைகளின் கண்மட்டத்தில், தமிழிலும் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும்.

மாலையில் அதே கட்டடத்தில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்தலாமா?

நடத்தலாம், ஆலைத் தொழிலாளர்களிடம் கேட்பும் இருக்கிறது. ஆனால் பள்ளிப் படிப்புக்கு ஜிஎஸ்டி விலக்கு, இதற்கு விலக்கு இல்லை. பதிவு வரம்பைத் தாண்டினால் 18 சதவீதம். ரசீதுப் புத்தகம், வங்கிக் கணக்குப் பதிவு இரண்டையும் முதல் நாளிலிருந்தே தனியாக வையுங்கள். அறக்கட்டளைப் பத்திரம் அதற்கு இடம் கொடுக்கிறதா என்று ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு போர்டு மாட்டுங்கள்.